வடலிக்குள் விட்ட மூன்று பன்றிகள்

அந்த ஆண்டு வைகாசி முடிவதற்குள்ளேயே எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. அரியாலையின் கிழக்குக் கரையில், கடல்நீரேரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது எங்கள் வளவு. வழக்கமாக ஆடி பிறந்த பிறகுதான் தண்ணீர் கரிக்கத் தொடங்கும். அன்று காலை ஒரு வாளி அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினேன். பன்றிகளும் அதையேதான் செய்தன. தொட்டிக்குள் மூஞ்சியை விட்டு, உடனே எடுத்துவிட்டு, நான் ஏதோ பிழை செய்தவள் மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தன.

பன்னிரண்டு பன்றிகள். எல்லாமே கறுப்பு. நீண்ட மூஞ்சி, சின்னக் காது, முதுகில் தும்புத்தடியின் நார் போல நிமிர்ந்து நிற்கும் மயிர். ஊர்ப்பன்றி என்று எல்லோருக்கும் தெரிந்ததுதான்; ஆனால் இப்போது தேடினால் கிடைக்காது. வளர்க்கிறவர்கள் எல்லாம் வெள்ளைப் பன்றிக்கு மாறிவிட்டார்கள். கறுப்பு ஒரு மடங்கு வளர்வதற்குள் வெள்ளை இரண்டு மடங்கு வளர்ந்துவிடும். என் கணவரின் தகப்பன் கறுப்புத்தான் வளர்த்தவர். சண்டையில் இடம்பெயர்ந்தபோது எல்லாம் போய்விட்டன. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு என் கணவர் இரண்டு வருடம் தேடி, தீவுப் பக்கத்தில் ஒரு மீன்பிடிக் குடும்பத்திடமிருந்து ஒரு பெட்டையும் ஒரு கடுவனும் வாங்கி, சாக்குக்குள் கட்டி வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த இரண்டும் அவற்றின் வழி வந்தவையும்தான் இந்தப் பன்னிரண்டும்.

அவர் மேசன் வேலை செய்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்த பிறகு பாரம் தூக்க முடியாது. ஆகவே பன்றிகள் அவருடையவை, தண்ணீர் சுமப்பது என்னுடையது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் பன்றிகளை இப்படிப் பார்க்கிறார்கள் என்று ஒழுங்கையில் சிலர் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. பிள்ளைகள் இருந்திருந்தாலும் இந்த மனிதர் இப்படித்தான் பார்த்திருப்பார்.

ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம் இளம் பெட்டை ஒன்று கொட்டிலுக்குள் சரிந்து விழுந்தது. வாயில் நுரை. வயிறு துருத்தி மாதிரி அடித்துக்கொண்டது. பன்றிக்கு வியர்க்காது. அதற்குச் சேறு வேண்டும், சேற்றுக்குத் தண்ணீர் வேண்டும். கிணற்றில் உப்புத் தண்ணீரும் அடிக்குப் போய், ஒரு வாளி ஊறவே அரை நாள் எடுத்தது; எங்கள் சேற்றுக்குழி அப்போது வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"தலையிலை ஊத்தாதையும்! செத்துப்போம். காலிலை ஊத்தும், முதல் காலிலை!" என்று அவர் பின்னாலிருந்து கத்தினார்.

காலில் ஊற்றினேன். பிறகு வயிற்றில். பிறகு சாக்கை நனைத்துப் போர்த்தினோம். பொழுது சாயும்போது அது எழுந்து நின்றது. அதற்குள் வீட்டில் இருந்த நல்ல தண்ணீர் முழுவதும் முடிந்துவிட்டது. எங்கள் ஒழுங்கைக்குக் குழாய் இன்னும் வரவில்லை. கிழமைக்கு இரண்டு தரம் வரும் பவுசர் வண்டித் தண்ணீர் குடிக்க மட்டும்தான். அதைப் பன்றிக்கு ஊற்றுவதை அயலவர்கள் கண்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் சொல்வதில் பிழையும் இல்லை.

அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

நான் பிறந்தது கரவெட்டியில், மச்ச மாமிசம் புழங்காத ஒரு தோட்டக்காரக் குடும்பத்தில். விரும்பி ஒரு வேதக்காரரை, கத்தோலிக்கரைக் கட்டியதை அண்ணை ஒருமாதிரிப் பொறுத்துக்கொண்டார். பன்றி வந்த பிறகு மட்டும் படலைக்கு உள்ளே கால் வைப்பதில்லை. நல்ல நாள் பெருநாளுக்கு வந்தால் ஒழுங்கையில் நின்று கதைத்துவிட்டுப் போவார். ஆனால் அவருடைய தோட்டக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. மறுநாளே ரக்ரரில் தண்ணீர்த் தாங்கியைக் கட்டிக்கொண்டு அவ்வளவு தூரமும் வந்தார். வேலிக்கு மேலால் குழாயை எறிந்தார்.

"பண்டிக்கெண்டு எனக்குச் சொல்லாதை. நீ சமைக்க, குளிக்கக் கொண்டு வந்தனான்."

"ஓம் அண்ணை. உள்ளுக்கு வாங்கோவன். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"இல்லை. வெய்யில் ஏற முன்னம் போகவேணும்."

வெயில் அப்போதே உச்சிக்கு ஏறியிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டி, தலைப்பாகையைச் சரிசெய்து, திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனார். அடுத்த கிழமையும் வந்தார். அதற்கடுத்த கிழமையும்.

அந்த நாட்களில்தான் பன்றிக் காய்ச்சல் பற்றிய கதை வந்தது. முதலில் தெற்கில் என்றார்கள். பிறகு எங்களிடமிருந்து சில மைல் தள்ளி, வெள்ளைப் பன்றிகள் வளர்த்த ஒரு பெரிய பண்ணையில் ஒரே கிழமைக்குள் எல்லாம் செத்துவிட்டன. அரசாங்க மிருக வைத்தியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இளம் பெண். படலைக்கு வெளியிலேயே சப்பாத்தை மருந்துத் தண்ணீரில் நனைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். பன்றிகளை எண்ணி எழுதிக்கொண்டார்.

"இது மனிசருக்கு வராது அக்கா. ஆனால் பண்டிக்கு வந்தால் மருந்து இல்லை. போட எங்களிட்டை ஊசியும் இல்லை. கடைச்சோறு குடுக்கிறீங்களோ?"

"ஓம் டொக்டர்."

"நிப்பாட்டுங்கோ. ஏலாட்டி நல்லாக் கொதிக்க வைச்சு ஆறவிட்டுக் குடுங்கோ. பண்டி ஒண்டும் வெளியிலை போகக்கூடாது, வெளியிலையிருந்து ஒண்டும் உள்ளை வரக்கூடாது. ஒண்டு சாப்பிடாமல் விட்டாலும் உடனை எனக்குக் கோல் எடுங்கோ."

நிற்பாட்ட முடியவில்லை. மாரியில் புல் இருக்கும், வாழைத்தண்டு இருக்கும். ஆவணியில் பனம்பழம் விழும், அதைத் தின்றே கறுப்புகள் கொழுத்துவிடும். ஆனியில் ஒன்றுமே இல்லை. தவிடு மட்டும் போட்டால் பாதி வயிறுதான். ஆகவே நான் ஸ்கூட்டியில் இரண்டு கான்களைக் கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய், இரண்டு சாப்பாட்டுக் கடைகளில் மிஞ்சிய சோறும் கறியும் எடுத்துவருவேன். பாதியாக வெட்டிய தகரப் பரலில் கொட்டி, தண்ணீர் விட்டு, பனைமட்டை எரித்து, கொதித்துக் குழம்பும்வரை கிண்டுவேன்.

ஒரு நாள் கொதிக்க வைக்கவில்லை.

அன்று அண்ணையின் ரக்ரர் வழியில் நின்றுவிட்டது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு வாளி நல்ல தண்ணீர். அதைப் பரலில் ஊற்றினால் எங்களுக்குக் குடிக்க இல்லை. ஊற்றாமல் அடுப்பில் வைத்தால் சோறு அடிப்பிடித்துக் கருகும். கிணற்று உப்புத் தண்ணீரில் காய்ச்சினால் பன்றிகள் வாய் வைக்காது. பன்றிகள் விடியலிலிருந்து கத்திக்கொண்டிருந்தன. பசித்த பன்றி கத்துவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது காதுக்குள் அல்ல, தலைக்குள் கேட்கும். கண்ணில் பட்ட எலும்பையும் இறைச்சியையும் கையால் பொறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை அப்படியே தொட்டியில் கொட்டினேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். அவை தின்றன. சத்தம் அடங்கியது. அந்த அமைதி எனக்கு அன்றைக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

பத்து நாள் கழிந்திருக்கும். தீவிலிருந்து வந்த அந்த மூத்த பெட்டை தொட்டிக்கு வரவில்லை. மூலையில் மண்ணைக் கிளறிப் படுத்துக் கிடந்தது. கூப்பிட்டேன். காதை மட்டும் அசைத்தது.

"வெக்கை," என்றார் என் கணவர்.

வெள்ளைப் பன்றிக்கு அந்தக் காய்ச்சல் வந்தால் காதும் வயிறும் ஊதா நிறமாகும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். கறுப்புப் பன்றியில் எங்கே பார்ப்பது? நான் குனிந்து அதன் காதைப் பிரட்டிப் பார்த்தேன். உட்பக்கம் கொஞ்சம் கருமை கூடியிருப்பது போலத் தெரிந்தது. எப்போதும் அப்படித்தானோ என்னவோ. இத்தனை வருடத்தில் நான் அதன் காதுக்குள் பார்த்ததே இல்லை. கை வைத்தால் சுட்டது. அந்தக் கோடையில் கல்லைத் தொட்டாலும் சுட்டது.

"டொக்டருக்குச் சொல்லுவம்," என்றேன்.

"ரெண்டு நாள் பொறும். வெக்கையாய்த்தான் இருக்கும். டொக்டர் ஆக்கள் வந்தால் ஒண்டையும் உயிரோடை விடமாட்டினம்."

பொறுத்தேன். அவர் சொன்னதற்காகத்தான் பொறுத்தேன் என்று பிறகு பலமுறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மை இல்லை. கூப்பிட எனக்கும் விருப்பமில்லை. போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன். தவிட்டைக் கஞ்சியில் கரைத்துப் பெட்டையின் வாயருகே கொண்டு போவேன். அது நாக்கால் ஒரு தரம் தொட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மூன்றாம் நாள் காலையில் அது செத்துக் கிடந்தது. அன்று பத்து மணிக்கு இன்னொன்று எழுந்து நடக்க முயன்று பின்னங்கால் மடிந்து இருந்தது. நான் வீட்டுக்குள் போய் வைத்தியருக்குப் போன் எடுத்தேன். "செத்ததைத் தொடாதேங்கோ, ரெண்டு மணித்தியாலத்திலை வாறன்," என்றார்.

நான் கதைத்துக்கொண்டு இருக்கும்போதே பின்பக்கம் தகரம் இழுபடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது பின்வேலியில் கம்பி வெட்டியிருந்தது. அவர் வடலிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தார். எங்கள் வளவுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு வளர்ந்த இளம்பனை வடலிக் காடு நீரேரி வரை போகிறது. ஊன்றுதடிகூட இல்லாமல் போயிருக்கிறார். பனைமட்டைக் கருக்கு வெட்டி இரண்டு கையிலும் இரத்தம்.

"என்ன செய்தனீங்கள்?"

"சினைப் பெட்டையையும் ரெண்டு குட்டியளையும் கலைச்சு விட்டிட்டன். மற்றதுகள் வரமாட்டன் எண்டிட்டுதுகள். இந்த மூண்டெண்டாலும் மிஞ்சட்டும்."

"அதுகளுக்கும் வருத்தம் இருந்தால்?"

"இல்லாட்டி?"

வேலித் தகரத்தை இழுத்து மூடிவிட்டு அவர் முன்முற்றத்தில் போய் இருந்தார். நான் கிணற்றடியில் நின்று அவர் கையைக் கழுவ உப்புத் தண்ணீர் அள்ளினேன். எரிந்திருக்கும். அவர் கையை இழுக்கவில்லை.

வடலிக்கு மறுகரையில் ஒரு அக்கா இருக்கிறார். புருசன் இல்லை. பகல் முழுக்க நீரேரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பவர். அவரிடம் நான்கு வெள்ளைப் பன்றிகள் இருந்தன. கொட்டில் இல்லை, புளிய மரத்தின் கீழ் கட்டி வைத்திருப்பார். வடலிக்குள் அலையும் பன்றி ஒன்று அந்த மரத்தடிக்குப் போக அரை மணித்தியாலம் போதும்.

வைத்தியர் இரண்டு பேருடன் வந்தார். மூவரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்புப் போட்டிருந்தார்கள். செத்ததிலிருந்தும் கால் மடிந்ததிலிருந்தும் இரத்தம் எடுத்தார்கள். பிறகு அவர் தன்னுடைய தாளைப் பார்த்தார்.

"போனமுறை பன்னிரண்டு எழுதியிருக்கிறன். செத்தது ஒண்டு, நிக்கிறது எட்டு. மிச்சம் மூண்டும் எங்கை?"

"அதுகள் முன்னமே செத்திட்டுது. கிடங்கு வெட்டி மூடிட்டம்," என்றார் என் கணவர்.

"எவடத்திலை?"

அவர் பின்பக்கம் கையை நீட்டினார். கைகளில் கீறல்கள் இன்னும் சிவப்பாக இருந்தன. வைத்தியர் அந்தப் பக்கம் பார்த்தார். மழை கண்டு மாதக்கணக்கான நிலம். மண்வெட்டி பட்டால் தெறிக்கும். ஒரு இடத்திலும் கிளறிய தடயம் இல்லை. அவர் கோபிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் கெஞ்சியிருந்தால் ஒருவேளை பேசாமல் இருந்திருப்பேன். தெரியாது.

"வடலிக்கை நிக்குதுகள்," என்றேன்.

என் கணவர் நின்ற இடத்திலேயே மண்ணில் இருந்துவிட்டார்.

"கலைச்சுப் பிடிக்க என்னிட்டை ஆக்கள் இல்லை," என்றார் வைத்தியர். "கலைச்சால் இன்னும் தூரம் ஓடும். நீங்கள் கூப்பிட்டால் வருங்களோ?"

"வருங்கள்."

சாப்பாட்டு வாளியை எடுத்தேன். அதற்குள் கொஞ்சம் தவிடு போட்டேன். பின்வேலியைத் திறந்து வடலிக்குள் நடந்து, தினமும் செய்வது போல வாளியின் அடியில் சிரட்டையால் தட்டினேன். "வா, வா, வா" என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். காவோலை சரசரத்தது. இரண்டு குட்டிகளும் முதலில் ஓடி வந்தன, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. பிறகு சினைப் பெட்டை, வயிறு நிலத்தில் தேய, மெல்ல மெல்ல வந்தது. மூன்றும் நல்ல சுகமாகத்தான் தெரிந்தன. கண் தெளிவாக இருந்தது. மூக்கு ஈரமாக இருந்தது. நான் திரும்பி நடந்தேன். அவை என் காலடியிலேயே வந்து, வேலியைக் கடந்து, கொட்டிலுக்குள் போயின. தவிட்டைக் கொட்டினேன். வெள்ளை உடுப்புக்காரர் ஒருவர் கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை இயந்திரம் வந்து கிடங்கு வெட்டியது. மற்றவர்கள் கிட்டப் போனால் பன்றிகள் கத்திச் சிதறின. ஆகவே ஒவ்வொன்றாக நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். ஊசி போட்டார்கள். சினைப் பெட்டையைக் கடைசியாக விடச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கடைசியாக நின்றதால் மற்ற எல்லாவற்றையும் அது பார்த்தது. சுண்ணாம்பு போட்டு மூடி முடியும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. என் கணவர் அந்த நேரம் முழுவதும் நீரேரிக் கரையில் வெயிலில் இருந்தார் என்று பிறகு அறிந்தேன்.

சில நாட்களில் முடிவு வந்தது. இரத்தம் எடுத்த இரண்டுக்கும் காய்ச்சல்தான். வடலிக்குள் விட்ட மூன்றிடமும் யாரும் இரத்தம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவை இல்லை, ஒரே கொட்டில் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்றார்கள். அவற்றுக்கு இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுகரை அக்கா ஒருநாள் வேலிக்கு வெளியில் வந்து நின்றார். இறால் பறி தோளில் இருந்தது.

"ஏன் சொன்னனீ? நீ சொல்லாட்டி ஆருக்கும் தெரிஞ்சிராது."

"உங்கடை நாலும் நிக்குதெல்லே அக்கா."

அவர் பறியைத் தோள் மாற்றிக்கொண்டு போனார். அவருடைய பன்றிகளுக்கு ஒன்றும் வரவில்லை. நல்லது செய்தேன் என்ற எண்ணம் எனக்கு அப்போதும் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

அண்ணை வழக்கமான நாளில் தண்ணீருடன் வந்தார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வேலிக்கு மேலால் வெள்ளையாய்க் கிடந்த நிலத்தைப் பார்த்தார். ரக்ரரை நிற்பாட்டிவிட்டு, படலையைத் திறந்து, உள்ளே வந்து, முற்றத்தில் இருந்த கதிரையில் இருந்தார். இத்தனை வருடத்தில் முதல் தரம். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன். கொடுக்கும்போதுதான் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"இப்ப உள்ளுக்கு வரலாமோ அண்ணை?"

அவர் குனிந்தபடி, "உனக்காகத்தான் வந்தனான்," என்றார்.

"அப்ப மற்ற நாளெல்லாம் ஆருக்காக வந்தனீங்கள்?"

பாதித் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எழும்பி ரக்ரரடிக்குப் போனார். இனி இவ்வளவு தண்ணீர் தேவையில்லை என்று சொன்னேன். கேளாதவர் போல, கொண்டு வந்ததை எல்லாப் பரல்களிலும் நிரப்பிவிட்டுத்தான் போனார். அடுத்த கிழமையும் வந்தார்.

என் கணவர் ஒரு மாதம் என்னுடன் கதைக்கவில்லை. நான் சமைத்ததைச் சாப்பிட்டார். கோப்பையைத் தானே கழுவி வைத்தார். கோபம் காட்டவில்லை, சத்தம் போடவில்லை. நான் ஒரு அறைக்குள் வந்தால் எழும்பி மற்ற அறைக்குள் போகவும் இல்லை. என்னைக் கடந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஒரு மத்தியானம் இனி முடியாது என்று தோன்றியது. அவர் முன்னால் போய் இருந்து, கொதிக்க வைக்காமல் கொட்டிய அந்த நாளைச் சொன்னேன். வாளி, பரல், கத்தல், எல்லாவற்றையும். காய்ச்சலை நான்தான் கொண்டு வந்தேனோ தெரியாது என்று சொன்னேன்.

அவர் முடியும்வரை கேட்டார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "அண்டைக்கு அடுப்பு எரியேல்லை. கண்டனான்."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டால் நீர் அதுகளைப் பட்டினி போட்டிருப்பீர்."

அன்று சாப்பிடும்போது, உப்புக் காணாது என்றார். நான் உப்புக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

மாரி வந்தது, கிணறு நிறைந்தது. கொட்டில் எத்தனை மாதம் வெறுமையாகக் கிடக்க வேண்டுமோ அத்தனை மாதமும் கிடந்தது. இனி வளர்க்கலாம் என்று வைத்தியர் வந்து சொல்லிவிட்டுப் போனார். வெள்ளைக் குட்டி என்றால் எடுத்துத் தரலாம் என்றும் சொன்னார். என் கணவர் தலையாட்டினார், ஆனால் கேட்கவில்லை. தீவில் அந்தக் குடும்பத்திடமும் இப்போது கறுப்பு இல்லை. மன்னார்ப் பக்கம் யாரிடமோ ஒரு சோடி நிற்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனார். பொழுதுபடத் திரும்பி வந்தபோது இடுப்பு வீங்கி, படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லை. கலப்பு. காதைப் பார்க்கத் தெரியுது," என்றார்.

நாளைக்கு முல்லைத்தீவுக்குப் போகிறார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் சாப்பிட இரண்டு ரொட்டி சுட்டுத் தரச் சொன்னார். மாவைக் குழைத்து மூடி வைத்திருக்கிறேன். அவருக்குக் கிடைக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்க மனம் வருகிறது. கிடைக்கக்கூடாது என்றும் அதே மனம்தான் கேட்கிறது.